பொருள்: இடது முன் டயரில் காற்று – தொடர்பாக

எங்கள் வாரியத்தில் கார் ஒன்று உண்டு, முத்துதான் கிடையாது. முத்துச்சிப்பிப் படுகைக் கண்காணிப்பு வாரியம் என்று வாசல் பலகையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தபோது நான் பிறக்கவில்லை, எங்கள் இயக்குநரும் பிறக்கவில்லை. அப்படியானால் வாரியத்தை மூடிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நன்றாயிருக்கிறது கேள்வி. முத்து இல்லை என்பதை யாராவது ஒருவர் முறைப்படி உறுதி செய்ய வேண்டாமா? அதற்குத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் காரில் கரையோரமாகத் திருச்செந்தூர் வரை போய், கடலைப் பார்த்துவிட்டு, அப்படியே முருகனையும் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் 'இக்காலாண்டில் முத்து இல்லை' என்று நான் தட்டச்சு செய்வேன். என் பெயர் பிரேமா, உதவியாளர். பதினெட்டு வருடமாக இதை அடிக்கிறேன். ஒரு தடவைகூடப் பிழை வந்ததில்லை.

காரை ஓட்டுகிறவர் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. ஏரல் பக்கத்தில் வயற்காட்டு ஊர்க்காரர். இருபத்திரண்டு வருடமாக இந்த வாரியத்தின் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். காலையில் வந்ததும் முதலில் காருக்கு வணக்கம் போடுவார், பிறகுதான் எங்களுக்கு. அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, கார்தான் அலுவலகத்திலேயே ஒழுங்காக வேலை பார்க்கிற ஆள்.

போன வைகாசியில் ஆறுமுகநேரியைத் தாண்டியதும் அந்தக் காரின் இடது முன் டயர் வெடித்தது. எதிரே உப்பு லாரி. அண்ணாச்சி பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை விட்டு, உப்பளத்தின் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். வேறு ஒருத்தர் ஓட்டியிருந்தால் அன்றைக்கே இயக்குநர் பதவிக்கு ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். இயக்குநருக்கு நெற்றியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வீக்கம், அவ்வளவுதான் சேதம். ஒரு சால்வையாவது போர்த்துவார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அதை அடித்தவளும் நான்தான்.

டயரில் காற்றுக் குறைவாக இருந்ததாலேயே அது வெடித்தது. காற்றைக் கவனியாதது ஓட்டுநரின் குற்றம். தாம் வைத்த காற்று சரியான அளவே என்பதைத் துல்லியமான அளவுகருவி கொண்டு முப்பது நாட்களுக்குள் மெய்ப்பிக்கத் தவறினால், அவர் ஓட்டுநர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, மாப்பிள்ளையூரணி சிப்பிக் கிடங்குக்குக் காவலராக அனுப்பப்படுவார். இதுதான் குறிப்பாணையின் சாரம். அந்தக் கிடங்கில் அறுபது வருடத்துச் சிப்பி ஓடு மலையாகக் கிடக்கிறது. அதைத் திருட இதுவரை ஒரு நாய்கூட எட்டிப் பார்த்ததில்லை.

அண்ணாச்சி குறிப்பாணையை மூன்று தடவை படித்தார். பிறகு என் மேசைக்கு வந்து நின்றார்.

“மேடம், அன்னைக்குக் காலைலயே பங்க்ல நிறுத்தி முப்பத்திமூணு வச்சிட்டுத்தான் வண்டிய எடுத்தேன். அந்தக் காத்துதான் வெடிச்சுப் போயிட்டே, இனி அத எங்கன போய் அளக்க? என்னைய என்ன வேணும்னாலும் திட்டட்டும். ஸ்டியரிங்க மட்டும் எடுத்துர வேண்டாம்னு சொல்லுங்க. அது இல்லன்னா இந்த ரெண்டு கையையும் வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?”

 அவருடைய மனைவி இசக்கித்தாய் மறுநாள் எனக்குப் போன் செய்தார். மனுசன் சோற்றுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்கிறாராம், சாப்பிடவில்லையாம். நீங்கள் படித்தவர்கள்தானே, ஒரு வழி சொல்லக் கூடாதா என்று கேட்டார். படித்தவர்களால் வந்த வினைதான் இது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரச்சினை என்னவென்றால், வெடித்ததற்குப் பதிலாக மாட்டிய புது டயர் பெட்ரோல் பங்க்கில் முப்பத்துமூன்று காட்டிவிட்டு, அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜீவமணியின் பஞ்சர் கடையில் முப்பது காட்டியது. எது சரி என்று சொல்ல மூன்றாவதாக, காற்று அளக்கிற நல்ல கேஜ் ஒன்று வேண்டும். அண்ணாச்சி காரோடு கிளம்பினார். எனக்கும் மனசு கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

பாளையங்கோட்டை ரோட்டில் அனஸ் காக்காவின் உதிரிபாகக் கடை இருக்கிறது. காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாயில் பதினான்கு வருடம் டயர் டிப்போவில் இருந்துவிட்டு வந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூன்று கேஜை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பேனா மாதிரி, ஒன்று முள் வைத்தது, ஒன்று எண் காட்டுவது. பேனா அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான் என்றார். எண் காட்டுவது நல்லதுதான், ஆனால் பேட்டரி தீர்ந்தால் உங்கள் ஆபீசில் பேட்டரி வாங்கவே ஆறு மாதம் ஆகும் என்றார். ஆளைத் தெரியாமலே எங்கள் ஆபீசைத் தெரிந்து வைத்திருந்தார்.

“முள்ளு வச்சத எடுங்க. அறுவது வரைக்கும் உள்ளது போதும். முப்பத்திமூணு நடு மையத்துல வரும், நடுவுலதான் முள்ளு ஒழுங்கா நிக்கும். நூத்தம்பது வரைக்கும் போறதெல்லாம் லாரிக்குள்ளது. காலைல வண்டிய எடுக்கதுக்கு முந்தி, டயர் சூடாகாம இருக்கையில பாருங்க. வால்வுல நேரா வச்சு ஒரே அமுக்கு, காத்து வெளிய போவக் கூடாது. கீழ மட்டும் போட்டுறாதீங்க, பங்க்ல தெனமும் சிமெண்டுல போட்டு அடிக்கதுனாலதான் அதுக்குப் புத்தி பேதலிச்சுக் கெடக்கு. ஒண்ணு முன்னப் பின்ன எல்லாத்துலயும் இருக்கும். அதுக்காவ யாரும் ஆபீஸ் போட மாட்டாவ.”

சோதனைக்கூடத்தில் சரிபார்த்துச் சான்று வாங்கிய கேஜ் ஒன்று அவரிடம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அதையும் புதியதையும் எங்கள் காரின் இடது முன் டயரில் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். இரண்டும் முப்பத்துமூன்று. பங்க் கேஜும் அந்த வாரம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. ஜீவமணியுடையதுதான் மூன்று குறைத்துக் காட்டுகிறது. அதை அன்று சாயங்காலமே ஜீவமணியிடம் சொன்னோம், அவனும் காக்கா கடைக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொண்டான். மொத்தம் பதினைந்து நிமிட வேலை. இதையே எங்கள் வாரியம் எப்படிச் செய்தது என்று இனிமேல் கேளுங்கள்.

அண்ணாச்சி தான் வாங்கிய புதுக் கேஜைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் பிளாரன்ஸ் மேடத்தின் மேசையில் வைத்தார். மேடம் அதைத் தொடவில்லை. யார் வாங்கியது என்று கேட்டார். நான்தான் என்றார் அண்ணாச்சி.

“சொந்தமா வாங்குன கருவி சொந்தக்காரருக்குச் சாதகமாத்தான் அளக்கும், சுடலை. அது உமக்கே தெரியணும்” என்றார் மேடம்.

பிறகு அவர் விளக்கினார். வாரியம் துல்லியமான கருவியை மட்டுமே ஏற்கும். ஒரு கருவி துல்லியமானதா என்று அறிய, அதை வாரியத்தின் துல்லியமான கருவியோடு ஒப்பிட வேண்டும். வாரியத்திடம் அப்படி ஒன்று இல்லை. வாங்கலாம் என்றால், வாங்கப்போவது துல்லியமானதா என்று முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இப்படி மேடம் மூன்று சுற்று சுற்றி வந்து, களைத்துப்போய்த் தண்ணீர் குடித்தார். அப்புறம் கோப்பை இயக்குநருக்கு அனுப்பினார். இயக்குநர் சுந்தர்சிங் அதில் பச்சை மையில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'குழு அமைக்க'.

குழுவில் ஏழு பேர். இயக்குநர், பிளாரன்ஸ் மேடம், கணக்கு அலுவலர், தொழில்நுட்ப அலுவலர், பண்டகக் காப்பாளர், குறிப்பெடுக்க நான், கடைசியாகச் சாட்சிக்குச் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. தொழில்நுட்ப அலுவலர் கடலடி ஆய்வுக்கென்று நியமிக்கப்பட்டவர். நீச்சல் தெரியாது. கடலடிதான் இப்போது ஒன்றுமில்லையே என்று அவரை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கேஜ் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும், ஏழில் எது துல்லியமானது என்று குழு தேர்ந்தெடுக்கும் என்று முடிவானது. அந்த முடிவுக்கு வர மூன்று கூட்டம் ஆயிற்று. மூன்றுக்கும் பஜ்ஜி உண்டு.

எப்படித் தேர்ந்தெடுப்பது? விதி வேண்டும். கேஜ் வாங்குவதற்கு எங்களிடம் விதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் படுகைக் கையேடு ஒன்றுதான் உண்டு. அந்தக் காலத்தில் கடலில் மாதிரிச் சிப்பி எடுத்து, அதைத் திறந்து பார்த்து, முத்து எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டுத்தான் குளிப்புக்கு உத்தரவு போடுவார்களாம். அந்த அத்தியாயத்தைப் பிளாரன்ஸ் மேடம் கண்டுபிடித்து, சிப்பி என்று வருகிற இடத்தில் எல்லாம் டயர் என்று போட்டுப் படித்தார். கச்சிதமாகப் பொருந்துகிறது என்று எல்லாரும் வியந்தோம். மாதிரிகள் அனைத்தும் ஒரே படுகையில் எடுக்கப்பட வேண்டும். ஆகவே ஏழு கேஜுக்கும் ஒரே டயர். அதிகாரிகள் பதவி வரிசைப்படியே மாதிரி எடுக்க வேண்டும். ஆகவே இயக்குநர் முதலில், ஓட்டுநர் கடைசியில். ஆய்வு முடியும்வரை படுகையில் வெளியிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. ஆகவே நடுவில் காற்று அடிக்கக் கூடாது.

இந்த மூன்றாவதைக் கேட்டதும் அண்ணாச்சி கையைத் தூக்கினார். ஒவ்வொரு தடவை அளக்கையிலும் கொஞ்சம் காற்றுப் போகும், அளக்கத் தெரியாதவர் கையில் இன்னும் அதிகமாகப் போகும், ஏழாவது ஆள் வருகையில் டயரில் என்ன இருக்கும் என்று பணிவாகக் கேட்டார். காற்றுப் போவதற்கு ஆதாரம் என்ன என்று கணக்கு அலுவலர் கேட்டார். புஸ்ஸென்று சத்தம் வருமே என்றார் இவர்.

“சத்தம் ஆதாரம் ஆகாது” என்றார் இயக்குநர். “சத்தத்தைக் கோப்பில் எப்படி வைப்பது?”

அப்படியானால் நானே முதலில் அளந்துவிடட்டுமா, அப்புறம் நீங்கள் அளக்கலாம் என்று அண்ணாச்சி கேட்டுப் பார்த்தார்.  பிளாரன்ஸ் மேடம் என்னைப் பார்த்து, இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம், அவர் நல்லதுக்குச் சொல்கிறேன் என்றார்.

இருபத்தேழாம் நாள் ஆய்வு. அண்ணாச்சி விடியற்காலையிலேயே பங்க்குக்குப் போய் இடது முன் டயரில் முப்பத்துமூன்று வைத்து, தன் கேஜிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தார். டயருக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் மைக். டயரின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார். அதை நான் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்.

“நண்பர்களே, காற்று கண்ணுக்குத் தெரியாது, அதை நீங்கள் எப்படி அளப்பீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வேன். இந்த வாரியம் அறுபது ஆண்டுகளாக இல்லாத முத்தை அளந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நம் கணக்கு பூஜ்யம். ஒருமுறையாவது தவறியிருக்கிறதா? இல்லாததையே இத்தனை துல்லியமாக அளக்கிற நமக்கு, இருக்கிற காற்று எம்மாத்திரம்?”

கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

இயக்குநர் முதலில் அளந்தார். முப்பத்துமூன்று. போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை வைத்தார். டயர் புஸ்ஸென்றது. முகம் தெரியவில்லை என்று மூன்றாவது தடவை வைத்தார். அதற்கும் புஸ்ஸென்றது. ஆனால் முதலில் பார்த்ததே பதிவுக்கு உரியது என்று கையேடு சொல்வதால் முப்பத்துமூன்று என்றே எழுதினேன். பிளாரன்ஸ் மேடம் சேலை அழுக்காகாமல் எட்டி நின்று சாய்வாகப் பிடித்தார், முப்பத்தொன்று. கணக்கு அலுவலர் நேர்மையானவர், எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவர், அதனால் நீண்ட நேரம் அமுக்கினார், இருபத்தொன்பது. தொழில்நுட்ப அலுவலர் முதலில் சக்கரத்தின் நட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார். பழக்கதோஷம். வால்வைக் காட்டிக்கொடுத்ததும் இருபத்தாறு. பண்டகக் காப்பாளருக்கு இருபத்துநான்கு. எனக்கு இருபத்திரண்டு. நானும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

கடைசியில் அண்ணாச்சி குனிந்தார். அனஸ் காக்கா சொல்லித் தந்தபடி நேராக வைத்து ஒரே அமுக்கு. துளிச் சத்தம் வரவில்லை. முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பத்தொம்பது” என்றார்.

குழு உள்ளே போய் விவாதித்தது. தொழிற்சாலைக்காரன் இந்த டயருக்குக் குறித்திருக்கும் அளவு முப்பத்துமூன்று. இயக்குநரின் கருவி காட்டியதும் முப்பத்துமூன்று. ஆகவே அதுவே துல்லியமானது. மற்ற ஆறும் படிப்படியாகத் தவறு. தொழில்நுட்ப அலுவலர் இதிலிருந்து ஒரு கண்டுபிடிப்பையும் செய்தார்: பதவி குறையக் குறையக் கருவியின் துல்லியமும் குறைகிறது. இதை ஒரு கட்டுரையாக எழுதித் தலைமைக்கு அனுப்பலாம் என்று இயக்குநர் அவரைத் தட்டிக்கொடுத்தார். ஓட்டுநரின் கருவி பதினான்கு அளவு பிழையுடையது, உபயோகத்துக்கு லாயக்கற்றது என்று தீர்மானம்.

ஆனால் பாருங்கள், அதே தீர்மானத்தில் அண்ணாச்சிக்கு விடுதலையும் கிடைத்துவிட்டது. அவர் காலையில் பங்க்கில் வைத்தது முப்பத்துமூன்று. இயக்குநரின் துல்லியமான கருவியும் முப்பத்துமூன்று என்கிறது. ஆகவே பங்க் கேஜ் சரி. ஆகவே வைகாசியில் அவர் வைத்த காற்றும் சரி. குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. ஒரே நிபந்தனை: டயரில் தற்போது முப்பத்துமூன்று உள்ளது என்ற சான்றிதழில் ஏழு பேரும் கையெழுத்திட வேண்டும்.

ஆறு பேர் போட்டோம். அண்ணாச்சி பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். இடது முன் டயர் அங்கே அடியில் பிதுங்கிப்போய் நின்றது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் அவருடைய காதருகே குனிந்து, போட்டுவிடுங்கள் அண்ணாச்சி, ஸ்டியரிங் உங்களுக்கே இருக்கும் என்றேன். அவர் போட்டார். போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று அந்த நிமிடமே தோன்றியது.

வைகாசியில் டயர் வெடித்துப் பாதி வழியில் நின்றுபோன காலாண்டுக் கடற்கரை ஆய்வையும் அன்றைக்கே வைத்திருந்தார்கள். வெற்றியோடு வெற்றியாகத் திருச்செந்தூர் போய் வந்துவிடலாம் என்று ஏற்பாடு. இயக்குநர், பிளாரன்ஸ் மேடம், கணக்கு அலுவலர், நான், நான்கு பேரும் வாசலுக்கு வந்தோம். அண்ணாச்சி நான்கு கதவையும் திறந்து வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

“ஏறுங்கய்யா” என்றார்.

யாரும் ஏறவில்லை. இயக்குநருக்குச் சென்னையிலிருந்து போன் வரும்போல இருந்தது. வரவில்லை, வரும்போல இருந்தது. பிளாரன்ஸ் மேடத்துக்கு மாதா கோயிலில் ஜெபம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கணக்கு அலுவலருக்கு வயிறு சரியில்லை, காலையிலிருந்தே சரியில்லையாம். எனக்குக் காரில் போனால் தலை சுற்றும், பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றேன். என் ஆயுசில் எனக்குக் காரில் தலை சுற்றியதே கிடையாது. நாங்கள் நான்கு பேரும் மரத்தைப் பார்த்தோம், வானத்தைப் பார்த்தோம். டயரை மட்டும் யாரும் பார்த்துவிடாமல் கவனமாக இருந்தோம்.

கடைசியில் இயக்குநர் தொண்டையைச் செருமினார். மேடையில் பேசிய தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது.

“ஏய் சுடலை, டயரு லேசா சோந்தாப்ல இருக்குல்லா. கொஞ்சம் காத்து வச்சிட்டு வாரும்.”

“எவ்வளவு வைக்கய்யா? முப்பத்திமூணுதான் இருக்கே.”

“அதெல்லாம் நீரே பாத்து வச்சிக்கும்.”

செலவுக்குச் சீட்டு இல்லாமல் வரக் கூடாது என்று பிளாரன்ஸ் மேடம் பின்னாலிருந்து சொல்லிவிட்டார். அண்ணாச்சி முதல் கியரிலேயே வண்டியை நகர்த்தி ஜீவமணி கடைக்குப் போனார். அவன் புது கேஜை வைத்துப் பார்த்தான், பத்தொன்பது. முப்பத்துமூன்று ஆகும்வரை அடித்தான். சீட்டு வேண்டும் என்றதும் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் 'இடது முன் டயர், பதினாலு ஏத்தியது' என்று எழுதி, தேதி போட்டுக் கொடுத்தான்.

கார் திரும்பி வந்தது. டயர் நிமிர்ந்து நின்றது. போன் வராது என்று இயக்குநருக்குத் தெரிந்துவிட்டது. ஜெபம் தள்ளிப்போயிற்று. வயிறு சரியாகிவிட்டது. என் தலைசுற்றலும் நின்றுவிட்டது. நான்கு பேரும் ஏறிக்கொண்டோம். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர், ஒரு குலுக்கல் கிடையாது. இயக்குநர் போகையிலும் வருகையிலும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கடலில் முத்து இல்லை என்று உறுதி செய்தோம். கோயிலில் அண்ணாச்சி வெகு நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றார். திரும்பி வருகையில், பல வாரத்துக்குப் பிறகு, வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு ஓட்டினார். நன்றாகத்தான் இருந்தது அந்த நாள்.

ஒன்பதாம் நாள் பிளாரன்ஸ் மேடம் என்னைக் கூப்பிட்டார். முன்னால் இரண்டு தாள்கள் விரித்திருந்தன. ஒன்று, டயரில் முப்பத்துமூன்று உள்ளது என்று ஏழு பேர் கையெழுத்திட்ட சான்றிதழ். மற்றது, பதினாலு ஏற்றியதாக ஜீவமணி எழுதிய துண்டுச் சீட்டு. இரண்டும் ஒரே தேதி. மேடம் கால்குலேட்டரை எடுத்து, முப்பத்துமூன்றும் பதினான்கும் போட்டு, என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாற்பத்தேழு.

“டயர்ல நாப்பத்தேழு வச்சு எங்கள ஏத்திட்டுப் போயிருக்காரு, பிரேமா. நெனச்சாலே எனக்கு மேலெல்லாம் நடுங்குது. நாலு உயிரு.”

மேடம், அப்போது அதில் பத்தொன்பதுதான் இருந்தது, நாம் எல்லாரும்தானே பார்த்தோம் என்று நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். மேடம் சான்றிதழை என் பக்கம் நகர்த்தி, ஆறாவது கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். அது என்னுடையது. நான் என் இடத்துக்கு வந்து குறிப்பாணையை அடித்தேன். அளவுக்கு மிஞ்சிய காற்றை ஏற்றி அதிகாரிகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்தமை. பதிலளிக்க ஏழு நாள்.

அண்ணாச்சி ஏழு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. குறிப்பாணையை வாங்கின இடத்திலேயே, என் மேசையின் ஓரத்தில் நின்றபடியே, என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதினார்.

'ஐயா, டயரில் முப்பத்துமூன்று இருக்கிறது என்று நீங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த டயரில் ஒருத்தரும் ஏறவில்லை. இப்போது நாற்பத்தேழு என்று சொல்கிறீர்கள். அந்த டயரில் எல்லாரும் ஏறித் திருச்செந்தூர் போய்த் தூங்கிக்கொண்டு வந்தீர்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படிக்கு, சுடலைக்கண்ணு, ஓட்டுநர்.'

கோப்பு மேலே போய் இரண்டே நாளில் இறங்கி வந்தது. எங்கள் வாரியத்தில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. பச்சை மையில் இயக்குநர் எழுதியிருந்தார்: 'கேட்கப்பட்டது காற்றைப் பற்றி. ஓட்டுநர் ஆட்களைப் பற்றி எழுதியுள்ளார். விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. நாளை முதல் சிப்பிக் கிடங்கு.'

அந்த ஆணையையும் நான்தான் அடித்தேன். சாயங்காலம் அண்ணாச்சி காரைக் கழுவித் துடைத்து, நான்கு டயரிலும் காற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சாவியை என் மேசையில் வைத்தார். எதையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அழுகைதான் முந்திக்கொண்டது. அதற்கு அவர்தான், விடுங்க மேடம், நீங்க என்ன செய்வீங்க என்றார். அதைவிட அவர் என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒப்படைப்புக்கு ரசீது கொடுக்க வேண்டும். கார்ச் சாவி ஒன்று, ஓட்டுநர் சுடலைக்கண்ணுவிடமிருந்து பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, பிரேமா, உதவியாளர் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோப்பு முழுவதிலும் நான் உண்மைக்குப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.